பிழையான வாசிப்பு

மலருக்குக் கட்டுரை கேட்டுப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் எழுதிய கிழமையிலேயே எங்கள் இரசாயன சேர் காலமான செய்தியும் வந்தது. பெயரை எழுதத் தேவையில்லை. மேல்மாடி ஆய்வுகூடத்தில் ஒரு தவணை இருந்தவர்களுக்கே யாரைச் சொல்கிறேன் என்று விளங்கிவிடும். விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை இன்னொருவர் எழுதட்டும்.

சேர் வருமுன் நாங்கள் எப்படிப் படித்தோம்? தவணைப் புள்ளிகளை மேலிருந்து கீழாக வாசித்து, கடைசியில் வந்தவர்களை வராந்தாவில் நிறுத்துவார்களே, அந்த வரிசையில் ஒரு தவணை நானும் நின்றேன். கையில் விழுந்த அடி பின்னேரமே ஆறிவிட்டது. அந்த வழியால் போன கீழ்வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை வருடக்கணக்காக ஆறவில்லை. அடுத்த தவணை என் புள்ளிகள் ஏறின. பயம் இருந்தால்தான் படிப்பான் என்று எல்லாரும் திருப்திப்பட்டார்கள். எனக்குக் கூடியிருந்ததோ, ஆசிரியரின் முகத்தைப் பார்த்து அவர் எதிர்பார்க்கும் விடையை ஊகிக்கும் கெட்டித்தனம். பாடம் விளங்காமலே இருந்தது. விளங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

சேர் வந்த முதல் தவணையில் நியமிப்புப் பரிசோதனை, அதாவது ஒரு காரத்தை நடுநிலையாக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று அளப்பது. குடுவையில் 25 மில்லிலீற்றர் சோடியம் ஐதரொட்சைட்டு, நிறங்காட்டியாக இரண்டு துளி பினோத்தலீன். மேலே அளவியில், அதாவது அடியில் திறப்புள்ள அளவுக் குழாயில், ஐதரோகுளோரிக் அமிலம். இளஞ்சிவப்பு மறையும் இடத்தில் வாசிப்பு எடுக்க வேண்டும். இரண்டு போத்தல்களிலும் ஒரே செறிவு எழுதி ஒட்டியிருந்தபடியால், அமிலத்தைத் திறக்கு முன்னமே விடை 25.0 என்று எல்லாருக்கும் தெரியும். 24.9, 25.0, 25.1 என்று வகுப்பே எழுதிக் கொடுத்தது. பின்வாங்கில் இருந்த, அதிகம் பேசாத ஒருவன் மட்டும் 22.6 என்று எழுதியிருந்தான். சேர் கூப்பிட்டதும் கையை நீட்டிக்கொண்டே போனான். எங்கள் எல்லாருக்கும் அதுதானே பழக்கம்.

"கையை ஏன் நீட்டுறாய்? இந்த வாசிப்பு எப்பிடி வந்தது?"

"அப்பிடித்தான் வந்தது சேர். மூண்டு தரமும் அப்பிடித்தான் வந்தது."

சேர் தானே அளவியைக் கழுவி நிரப்பினார். முடிவு நெருங்கியதும் துளித்துளியாக விட்டார். 22.6. மறுபடியும் செய்தார். 22.5. சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சும். மூடி இறுகாத அந்தப் போத்தல் எத்தனை மாதம் அலுமாரிக்குள் கிடந்ததோ, ஒட்டியிருந்த செறிவு இப்போது அதில் இல்லை.

"கரைசல் பழுதாப் போச்சு. அதை எனக்குச் சொன்னது இவன் ஒருத்தன்தான். நீங்கள் எல்லாரும் லேபலைப் பாத்து எழுதியிருக்கிறியள்," என்றார். குரலில் கோபம் இல்லை. "இனி இந்த அறையிலை பிழையான வாசிப்புக்கு அடி கிடையாது. வந்ததை வந்தபடி எழுதித் தாங்கோ. எங்கை பிழைச்சது எண்டு சேந்து பாப்பம்."

நாங்கள் உடனே நம்பிவிடவில்லை. பயத்தோடு வளர்ந்த பிள்ளை அன்பையும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்த வருடம் முழுவதும் அவர் சொன்ன சொல்லில் நின்றார். பிள்ளைகளைப் பழுதாக்குகிறார் என்று ஆசிரியர் அறையில் கதைத்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டார். அடுத்த வருடம் அவருடைய பாடத்தில் கேள்வி கேட்கும் சத்தம் கீழ்மாடிக்கும் கேட்டது.

பயத்தால்தானே நாங்கள் முன்னேறினோம் என்று ஒன்றுகூடல்களில் இன்றும் சொல்கிறோம். 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். எளிய வேலையில் அதிர்ச்சி கூடக்கூட அவை விரைவாகப் பழகின. கடினமான வேலையில் கடும் அதிர்ச்சி பழகுவதைத் தாமதப்படுத்தியது. எலிக்கும் மனிதனுக்கும் தூரம் அதிகம்தான். ஆனாலும் வாய்ப்பாடு பாடமானதையும் நிறுவல் ஒருநாளும் விளங்காததையும் நினைக்கும்போது எனக்கு அந்தச் சோதனை ஞாபகம் வரும்.

விமானப் பராமரிப்பு வேலைக்கு வந்தபின் சேரின் அருமை இன்னும் விளங்கியது. 1974 டிசம்பர் 1இல் வாஷிங்டனுக்கு அருகே டலஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ஆம் இலக்கப் பயணிகள் விமானம், தரையிறங்கக் கிடைத்த அறிவுறுத்தலை விமானிகள் பிழையாக விளங்கியதால் மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். ஏறக்குறைய ஆறு கிழமைக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே பாதையில் அதே அறிவுறுத்தலைப் பிழையாக விளங்கி, மயிரிழையில் தப்பியிருந்தார்கள். அந்தச் செய்தி அவர்களுடைய நிறுவனத்தைத் தாண்டவில்லை. அதன்பின் 1976இல் நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானியோ பராமரிப்பாளரோ தன் பிழையைத் தானே எழுதி அனுப்பலாம். பெயர் நீக்கப்படும். தெரியாமல் நடந்த பிழையைப் பத்து நாளுக்குள் அறிவித்தால் பெரும்பாலும் தண்டனையும் இல்லை. இதைப் படித்தபோது மேல்மாடி ஆய்வுகூடத்தில் நிற்பதுபோல் இருந்தது.

நெருப்பைக் கண்டு கையை இழுக்க வைக்கும் பயத்தை நான் பழிக்கவில்லை. இயந்திரத்தின் கீழ் வேலை செய்பவனுக்கு அது வேண்டும். ஒருவர் இன்னொருவரை ஓட்டுவதற்குக் கையில் எடுக்கும் பயத்தைத்தான் விட வேண்டும் என்கிறேன். அது இருக்கும் வீட்டில் பிள்ளை வருத்தத்தை மறைக்கும். அது இருக்கும் அலுவலகத்தில் கெட்ட செய்தி மேலே போகாது. அது இருக்கும் நாட்டில் ஆள்பவருக்கு எந்த நாளும் 25.0 என்ற வாசிப்புத்தான் போய்ச் சேரும். சுவீடன் 1979இலேயே பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. அங்கே ஒழுங்கு குலைந்துவிடவில்லை.

ஒரு விடுமுறையில் சேரைப் பார்க்கப் போனேன். "உம்மடை வேலையிலை பிழையைப் பயப்பிடாமல் சொல்லலாமோ?" என்று கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்து, கையோடு என்னை வகுப்புக்குக் கூட்டிப்போய் அதே கதையைப் பிள்ளைகளுக்கும் சொல்ல வைத்தார். நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே முன்வாங்கில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்றது. எவ்வளவு இயல்பாகச் சொன்னது! பின்தங்கிவிடுவேனோ என்ற பயத்தில்தான் நான் ஊரைவிட்டுப் புறப்பட்டேன். அந்த ஒரு மணி நேரம் அங்கே நின்றபோது, இந்த வகுப்பில் சோக்கட்டியோடு நின்றிருக்க வேண்டியவன் நான் என்று பட்டது. ஓய்வு பெறும்வரை அவர் தனியாகத்தான் அதைச் செய்தார்.

நாங்கள் வருடாவருடம் அனுப்பும் பணம் முதல் மூன்று இடங்களுக்குப் பரிசாகப் போகிறது. அதில் ஒரு பங்கை மேல்மாடி ஆய்வுகூடத்துக்கு ஒதுக்கி, புது அளவிகளும் புதுக் கரைசல்களும் வாங்கக் கொடுக்க வேண்டும். புள்ளி வரிசையைக் கூட்டத்தில் வாசிப்பது இன்னும் நடந்தால் அதை நிறுத்தும்படி அதிபருக்குச் சங்கம் எழுத வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டையும் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய அந்த ஆய்வுகூடத்தில் படித்த ஒருவர் முன்வாருங்கள்.