3டி அச்சு இதயம்: தப்பு நடக்கும் இடங்கள்

வகுப்புக்கு இதய மாதிரி அச்சிடப் போகிறவர்கள் பிரிண்டரை அப்புறம் பாருங்கள், முதலில் ஸ்கேன். ஈசிஜி துடிப்போடு இணைத்து எடுத்த சிடி, துண்டுத் தடிமன் (ஒவ்வொரு படத் துண்டின் கனம்) 1 மி.மீ.க்குள் இருக்கணும். 3 மி.மீ. என்றால் இதயச் சுவரில் உள்ள சின்ன ஓட்டை காணாமல் போகும்.

ஸ்கேன் படத்தை 3டி வடிவமாக்கும் 3டி ஸ்லைசர் மென்பொருள் இலவசம். அதில், ஸ்கேனுக்காகச் செலுத்திய சாயம் கலந்த ரத்தப் பகுதியைப் பிரித்து, அதைச் சுற்றி 1.5 முதல் 2 மி.மீ. சுவர் எழுப்பி, உள்ளே காலியாக்குங்கள். அந்தச் சுவர் நாம் போட்டது, நோயாளியின் தசைத் தடிமன் அல்ல. இதை மாணவர்களிடம் சொல்லாமல் விடுவது பெரிய தவறு. மேலறை இடைச்சுவர் மெல்லியது. சிடியில் சரியாக விழாவிட்டால் மாதிரியில் போலி ஓட்டை வரும். வால்வு இதழ்களும் அப்படித்தான், பெரும்பாலும் கையால் வரைந்து சேர்க்கணும்.

வலது கீழறையிலிருந்தே இரண்டு பெருங்குழாய்களும் கிளம்பும் பிறவிக் குறைக்கு இதைவிட நல்ல பாடக்கருவி இல்லை. கீழறைகளுக்கு இடைச்சுவரில் உள்ள ஓட்டையிலிருந்து பெருந்தமனிக்கு வழி எப்படிப் போகிறது என்பதை விரலால் தடவிப் பார்க்கலாம். அதற்கு வலது கீழறையின் முன்சுவரில் ஜன்னல் வெட்டி வையுங்கள்.

பிஎல்ஏ என்ற கடினமான பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் பார்க்க மட்டும்தான், ஊசி இறங்காது. தையல் பயிற்சிக்கு மென்மையான ரெசின் அல்லது சிலிகான். அச்சிடும் முன்பே மாதிரியை மென்பொருளில் இரண்டாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அச்சின்போது வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும் தாங்கிகள் உள்ளே சிக்கினால் எடுப்பது கஷ்டம்.