“கூடாது” என்று சொன்ன வாய்

“மே மாசம் கேட்டப்போ கூடாதுன்னீங்க. இப்போ போட்டுக்கோங்கறீங்க. நடுவுல என்ன சிஸ்டர் மாறிச்சு?”

2021 ஜூலை. கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று 2ஆம் தேதி அறிவிப்பு வந்த மறு வாரம். அந்தப் பெண்ணுக்கு 30ஆவது வாரம். “அரசாங்கமே சொல்லுதும்மா” என்றேன். அது பதிலே இல்லை.

மே மாதம் சொன்னதும் பொய்யில்லை. ஊசியைப் பரிசோதித்தபோது கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. தகவல் இல்லாததால் அனுமதியும் இல்லை. ஆனால் “இன்னும் தெரியாது” என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாயில் வந்தது “கூடாது”. மாசமாக இருக்கிறவள் வீட்டில் ஏற்கெனவே எத்தனை கூடாது! பப்பாளி கூடாது, கிரகணத்தில் வெளியே வரக்கூடாது. அந்த வரிசையில் ஊசியும் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு ஒரு சர்க்குலர் வந்து எழுந்திரு என்றால் எழுந்துவிடுமா?

மே மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு போனிலும் நிதானமாக விளக்க நேரம் ஏது? இப்படியும் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலையில் நேரம் இருந்தது, விளக்கினேன். கருப்பை வளர வளர, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளும். ஆக்சிஜன் தேவையும் கூடும். கடைசி மாதங்களில் மேல்மூச்சு வாங்குவது சகஜம் என்பதால், தொற்றால் வரும் மூச்சுத்திணறலையும் அப்படியே நினைத்து வீட்டில் இருந்துவிடுவார்கள். அதனால்தான் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 95க்குக் கீழே காட்டினால் காத்திருக்காதீர்கள், நெயில் பாலிஷை அழித்துவிட்டுப் பாருங்கள் என்கிறோம். அன்றைய விதிப்படி கோவிஷீல்டு என்றால் இரண்டாம் ஊசி 84 நாள் கழித்து, அதாவது 42ஆவது வாரம், பிரசவமே தாண்டிவிடும். கோவாக்சினுக்கு 28 நாள், 34ஆவது வாரத்தில் முடிந்துவிடும். துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். கணக்கில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?”

முடியாதும்மா என்றேன். எந்த மருந்துக்கும் யாராலும் அப்படி எழுதித் தர முடியாது. சரியான பதில்தான். ஆனால் மே மாதமே “தெரியாது” என்று சொல்லியிருந்தால் இந்தக் கையெழுத்தைக் கேட்டிருப்பாரா? இல்லை, தெரியாதவங்ககிட்ட என்ன கேக்கறது என்று செக்கப்புக்கே வராமல் போயிருப்பாரா? இரண்டு பக்கமும் மனம் போய்ப் போய் வருகிறது.

“குழந்தை பொறக்கட்டும் சிஸ்டர், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அந்த மாதத்து இரும்புச்சத்து மாத்திரை முப்பதையும் எண்ணி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாமியாரோடு ஆட்டோ ஏறினார்.