ஒரே லெப்டொப், இரண்டு வேகம்

ஹட்டனில் தங்கச்சியின் பழைய லெப்டொப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. அவளுடைய புரோகிராமிங் புரொஜெக்டை லினக்ஸில் ஓடவிட்டால் உடனே முடிகிறது, விண்டோஸில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். பிள்ளை தன் மெஷின்தான் பழுது என்று நினைத்திருந்தாள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

விண்டோஸில் ஒரு ஃபைலைத் திறக்கும்போது அந்தக் கோரிக்கை டிஃபெண்டர் (விண்டோஸின் வைரஸ் தடுப்பு) போன்ற ஃபில்டர்களைக் கடந்துதான் போகும், புது புரொசஸ், அதாவது ஓடும் புரோகிராம் ஒன்று, தொடங்கவும் லினக்ஸைவிட நேரம் பிடிக்கும். பெரிய வீடியோ ஒன்றைத் திறந்தால் வித்தியாசமே தெரியாது, இப்படியான புரொஜெக்டில் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் வரும்போதுதான் மூச்சு வாங்கும். 2023இல் மைக்ரோசொஃப்ட் கொண்டுவந்த டெவ் டிரைவில் (புரோகிராம் எழுதுபவர்களுக்கான தனி டிஸ்க் பகுதி) ஃபைல் முதலில் திறக்கும், வைரஸ் ஸ்கேன் பிறகு நடக்கும். ஆனால் அதற்குக் குறைந்தது 50 ஜிபி வேண்டுமே, அவளிடம் அவ்வளவு இடமில்லை. சரி, லினக்ஸிலேயே செய் என்றேன்.