லுணுகலை ஏற்றத்துக்கு ஒரு என்ஜின்

சேர் காரைக் கொண்டுவந்து கராஜ் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார். "மகன், இதுக்கு ஒரு ஜப்பான் என்ஜின் போடணும்." வேறு கதை இல்லை. 2014 ஆம் ஆண்டு. கார் 1964 இன் மொறிஸ் மைனர், ஸ்ரீ இலக்கத் தகடு, அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வீட்டில் நிற்பது. சேர் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகளைப் பதுளையில் கட்டிக் கொடுத்திருந்தார், பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு வாகனம் ஓட்டிப் போனவர்களுக்குத் தெரியும், செங்கலடி, மகா ஓயா, பிபிலை வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை, அதற்குப் பிறகுதான் லுணுகலை ஏற்றம் தொடங்கும். அந்த ஏற்றத்தில் சேரின் மொறிஸ் ஒவ்வொரு முறையும் கொதித்து நிற்கும். பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு அரை மணித்தியாலம் மரநிழலில் இருந்து, போத்தல் தண்ணீர் ஊற்றி, பிறகு போவாராம். மனைவி இனி அந்தக் காரில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டா.

வேறொரு கராஜில் ஏற்கனவே றேடியேற்றர் கழற்றிக் கழுவி, தேர்மொஸ்டற் மாற்றி, ஹெட் கஸ்கெற்றும் மாற்றியிருந்தார்கள். கொதிப்பது நிற்கவில்லை. என்ஜின் கிழடாகிவிட்டது, இழுவை காணாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு ஆசை இருந்தது. கராஜ் போட்டு மூன்று வருடம், முச்சக்கர வண்டிகளுக்கும் வான்களுக்கும் ஒயில் மாற்றி மாற்றி அலுத்துப்போயிருந்த நேரம், ஒருவர் தன் வாயாலேயே என்ஜின் மாற்றச் சொல்லிக் காசும் கையில் வைத்திருக்கிறார் என்றால் எந்த பாஸ்தான் 'ஏன் சேர் கொதிக்குது?' என்று திரும்பக் கேட்பான்?

மைனரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. முதலில் 918 சீசீ, பிறகு 803, பிறகு 948, கடைசியில் 1962 இலிருந்து 1098 சீசீ. சேருடையது அந்தக் கடைசி வகை, கம்பனிக் கணக்கில் 48 குதிரைவலு. நல்ல என்ஜின்தான், ஆனால் சுழலும் கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பெயாரிங்தான், நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஹெட்டில் காற்றும் புகையும் போய்வர ஐந்து வழி, அதாவது போர்ட்தான். நாங்கள் தெரிந்தெடுத்தது டட்சன் சன்னி பி310 காரின் ஏ14 என்ஜின், 1397 சீசீ. அதற்கு ஐந்து மெயின் பெயாரிங், எட்டு போர்ட், அலுமினிய ஹெட். கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் இரண்டு நாள் அலைந்து, கியர் பொக்ஸோடு சேர்த்து எடுத்து, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மொறிஸின் மூக்கு நீளம், என்ஜின் அறை அகலம், நேரான என்ஜின் எதுவும் உள்ளே இறங்கும். இந்தக் காரை என்ஜின் மாற்றுகிறவர்கள் விரும்புவதற்கு அதுதான் காரணம்.

பழையதைத் தூக்கப் போகும்போது ஒரு சின்ன விஷயம் நடந்தது. அப்போது அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீரை வடிப்பதற்காகப் புளொக்கின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னப் பித்தளை டப்பைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன், செங்கல் நிறத்தில் இரண்டு சொட்டு கசிந்தது, அவ்வளவுதான். எனக்கு அவசரம். கீழ் ஹோஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புளொக்கில் சங்கிலியை மாட்டினேன்.

என்ஜினை உள்ளே இருத்த நாலு நாள்தான் எடுத்தது. சன்னியின் கியர் பொக்ஸ் மொறிஸின் பொக்ஸை விடப் பருமன், அதனால் கியர் பொக்ஸைத் தாங்கும் குறுக்கு மெம்பரை வெட்ட வேண்டியிருந்தது. அதை வெட்டினால் காரின் இடுப்பு எலும்பை வெட்டியது போல, ஆகவே கீழால் புதிய மெம்பர் ஒன்று செய்து போல்ட் போட்டோம். மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டு பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்து சில்லுக்குப் பக்கத்துத் தகடுகளைத் தின்று வைத்திருந்தது. வெட்டப் போன இடத்தை விட வெல்டிங் பிடித்த இடம்தான் அதிகம். மொறிஸின் கிளச் வெறும் கம்பியால் இழுபடுவது, சன்னியுடையது ஒயிலில் வேலை செய்வது, அதற்குப் பெடலை மிதித்தால் ஒயிலைத் தள்ளும் ஒரு மாஸ்டர் சிலிண்டர் வைக்க வேண்டும். கியர் பொக்ஸிலிருந்து பின் அக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறொப்பெல்லர் ஷாஃப்டை காத்தான்குடி லேத் நானா இரண்டிலிருந்து ஒன்றாக்கித் தந்தார். அவர் வெட்டி, ஒட்டி, லேத்தில் சுற்றிப் பார்த்து, காதைக் கிட்ட வைத்துக் கேட்டு, "ஓம், இப்ப சரி" என்று சொன்னால் சரிதான், அந்த ஷாஃப்ட் இன்றைக்கு வரைக்கும் நடுங்கவில்லை.

நாலாம் நாள் பின்னேரம் ஸ்டார்ட் பண்ணினோம். பக்கத்துக் கடைக்காரர், ரியூசன் முடிந்து போன பெடியங்கள் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. சைலன்சர் இல்லாமல் அது போட்ட சத்தத்தில் எனக்கே புல்லரித்தது. அன்றிரவு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தக் கார் கராஜை விட்டு சேர் வீட்டுக்குப் போகவில்லை.

காரணம் கல்லடிப் பாலம். அப்போது புதுப்பாலம் திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, பக்கத்தில் 1924 இல் கட்டிய இரும்புப் பாலம் ஓய்வாகக் கிடந்தது. சேரை ஏற்றாமல் நான் மட்டும் ஓட்டிப் பார்க்கப் போனேன். டவுன் பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறும்போது கார் பறக்கிறது, சிரித்துக்கொண்டே போகிறேன், கல்லடிப் பக்கம் இறங்கினால் நடு றோட்டில் ஒரு மாடு. நம்மட ஊர் மாடு ஹோன் சத்தத்துக்கு அசையாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறேக்கை மிதித்தேன். பெடல் இறங்கியது, கார் நிற்பதற்குப் பதிலாக இடப்பக்கம் இழுத்தது, இன்னும் மிதித்தேன், இன்னும் இழுத்தது. கடைசியில் றோட்டோர மணலில் மூக்கைக் குத்தி நின்றது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை, ஆனால் இறங்கி நிற்கக் கால் வரவில்லை. ஒரு ஐஸ்பழக்காரர் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, பழைய கார் எண்டா மெல்லமா ஓடணும்" என்றார். பதில் சொல்ல வாயும் வரவில்லை.

மைனரின் பிறேக் முன்னுக்கு எட்டு இஞ்சி டிறம், பின்னுக்கு ஏழு இஞ்சி. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது, ஒயில் ஊற்றுவதென்றால் கம்பளத்தைத் தூக்கி மூடியைத் தேட வேண்டும், நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் சுற்று, எங்கேயாவது ஒழுகினால் எல்லாம் போச்சு. 48 குதிரைக்கு அது போதும். நான் குதிரைகளைக் கூட்டிவிட்டுக் கடிவாளத்தைப் பழையபடியே விட்டிருந்தேன். சேரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, "பிறேக்குக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கூலி வேண்டாம், சாமானுக்கு மட்டும் தாருங்கள் என்றேன்.

திரும்பவும் லேத் நானாதான். சன்னியின் டிஸ்க் பிறேக்கையும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரையும் மொறிஸின் ஸ்டப் அக்சிலில் ஏற்றுவதற்குத் தடித்த இரும்பில் தட்டு வெட்டினார், முதல் சோடி சரிவரவில்லை, இரண்டாவது சரி. பூட்டி ஓட்டிப் பார்த்தால் புதுத் தலையிடி. கார் நிற்கிறது, ஆனால் விடமாட்டேன் என்கிறது. ஆரையம்பதி வரை போய்த் திரும்பியபோது முன்சில்லுகளில் தீய்ந்த வாசம், சில்லின் நடுக் கப்பில் கையை வைக்க ஏலாது. இரண்டு நாள் கலிப்பரைக் கழற்றுவதும் பூட்டுவதும்தான். பிறகுதான் விளங்கியது, டிறம் பிறேக்குக்கு என்று செய்த மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. டிறம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிறிங் இருக்கிறது, அந்த அழுத்தம் அங்கே தொந்தரவில்லை. டிஸ்க்கில் ஸ்பிறிங் கிடையாது, அதே அழுத்தம் பிறேக் பாட்டை டிஸ்க்கில் தேய்த்துக்கொண்டே இருக்கும். விரல் நகமளவு வால்வு. அதைக் கழற்றிய அன்று நானும் உதவிக்கு நின்ற பெடியனும் மட்டன் கொத்து வாங்கிச் சாப்பிட்டோம்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. மொறிஸில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் பொடியோடு இணைந்திருக்கும், அதைத் தலைகீழாக மாற்றி டயினமோவை எடுத்துவிட்டு ஓல்ற்றனேற்றர் வைத்தோம். ஸ்பீடோமீற்றர் கேபிள் சன்னிப் பொக்ஸுக்குப் பொருந்தவில்லை, அதற்கும் ஒரு நட்டு செய்ய வேண்டி வந்தது. காரின் பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கத்தை மாற்றிப் பதிவதற்கு சேர் என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டோடு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் வந்தார். இங்கே சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் புத்தகத்தில் ஒரு இலக்கமும் என்ஜினில் வேறொரு இலக்கமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தவர் அவர், அதனால் அந்த விஷயத்தில் நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

மறுகா ஒரு சனிக்கிழமை எல்லோருமாக லுணுகலை ஏறினோம். சேர், அவர் மனைவி, பின்சீற்றில் நானும் ஒரு கூடை நண்டும். இரண்டு பொக்ஸுக்கும் மேல் கியர் நேரடியானது, பின் அக்சிலும் பழையதுதான், ஆகவே அதே என்ஜின் சுற்றுக்கு முன்பிருந்த அதே வேகம், கூடியது இழுவை மட்டும்தான். முன்பு இரண்டாம் கியரில் முனகிய இடங்களில் மூன்றாம் கியரில் பேசிக்கொண்டே ஏறினோம். கொதிக்கவில்லை. சேர் வழக்கமாக நிற்கும் மரத்தைக் காட்டிவிட்டு நிற்காமல் போனார். (அடுத்த வருடம் பின் அக்சில் ஷாஃப்ட் ஒன்று களுவாஞ்சிகுடி பஸ் நிலையத்துக்கு முன்னால் முறிந்தது. மைனரில் அது முறியும் என்று எதிர்பார்த்ததுதான், சொல்லியும் வைத்திருந்தேன்.)

அந்தக் கார் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இன்னும் கூடியது, புதுக்கார் வாங்க வழியில்லாதவர்கள் பழையதற்கு உயிர் கொடுக்கத் தொடங்கினார்கள். பாலத்துக்குப் பிறகு எனக்கு ஒரு சட்டம் உண்டு, முதலில் பிறேக், பிறகுதான் என்ஜின், ஒத்துவராதவர்கள் வேறு இடம் பார்க்கலாம். நாலைந்து பேர் வேறு இடம் பார்த்தும் விட்டார்கள்.

2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது சேர் திரும்ப வந்தார். அப்போது எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். "மகன், பெரிய என்ஜின் கனக்கக் குடிக்குமெல்லா? பழசைத் திரும்பப் போட ஏலுமா?" பழைய என்ஜின் என்னிடம்தான் இருந்தது, மூலையில் சாக்கால் மூடி, எட்டு வருடமாக. முதலில் ஒரு லீற்றர் போத்தலைக் கார்ப்ரேட்டருக்கு மேலே கட்டி ஓட்டிப் பார்த்தேன், பன்னிரண்டு கிலோமீற்றர் வந்தது. முன்பு எவ்வளவு என்று கேட்டதும் சேர் டாஷ்போர்ட் பெட்டியிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தார். கணித வாத்தியார், இருபது வருடக் கணக்கு. லீற்றருக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் பழையது இன்னும் நல்லாயிருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். சிலிண்டர்கள் பரவாயில்லை, கிராங்க் பரவாயில்லை, நான் எதிர்பார்த்த கிழடு எங்கேயும் இல்லை. பிறகு புளொக்கின் பக்கத்தில் இருந்த தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்தேன். நாலாம் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடம் முழுவதும் காய்ந்த செம்மண் போல இறுகிக் கிடந்தது. ஸ்குறூ டிறைவரால் கிண்டிக் கிண்டி எடுத்தேன், ஒரு பால்மா டின் நிறைந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அப்போதுதான் அந்தப் பித்தளை டப் ஞாபகம் வந்தது. ஒரு சொட்டும் வராத டப்.

கொப்பியைத் திரும்ப வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி நிரல் 'தண்ணி'. 2009 வரை மாதத்துக்கு ஒன்று, இரண்டு. அந்த வருடம் சேர் ஓய்வுபெற்று வாவிக்கரையில் வீடு கட்டிக் குடிபோனவர், அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை. வீட்டுக் கிணறு உவர். குடிக்கத் தண்ணீர் வேறு, காருக்குக் கிணற்றுத் தண்ணீர். எல்லாம் கொப்பியில் இருந்திருக்கிறது, 2014 இலும் அதே பெட்டியில்தான் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்குத் தெரிய வராது. இரண்டு நாள் யோசித்துவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சேர் டின்னுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார். "அப்ப இதைக் கழுவியிருந்தா அது லுணுகலை ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கும் சேர். இரண்டாம் கியர்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அவ இரண்டாம் கியர்ல வந்திருக்கமாட்டா," என்று உள்ளே மனைவியைக் காட்டித் தேநீர் கொண்டுவரச் சொன்னார். என்ஜினைத் திரும்ப மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பழையதை நான் செலவில்லாமல் கழுவி, புதுக் கஸ்கெற் போட்டு, கோணல் இரும்பில் ஒரு ஸ்டாண்ட் செய்து கராஜில் நிறுத்தியிருக்கிறேன். மொறிஸைக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டில் இன்னும் சேரின் டிக்கியில்தான் கிடக்கிறது, பெனியன் துணியில் சுற்றி. சன்னி என்ஜினுக்கு அது பொருந்தாது. ஒயில் மாற்ற வரும் நாட்களில் அதை எடுத்துக்கொண்டு நேரே மூலைக்குப் போவார், ஸ்டாண்டில் நிற்கும் என்ஜினில் மாட்டி இரண்டு சுற்று சுற்றுவார், பிடிக்காமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைப்பார்.