மழைக்கோட்டு ஒத்திகை

"இன்னும் ஊத்துடா!"

வாசலில், 37 டிகிரி வெயிலில், மழைக்கோட்டும் பேண்ட்டும் மாட்டிக்கொண்டு பைக் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணன் மகன் தோட்டத்துக் குழாயை என் மேல் பிடிக்கிறான்.

ஐந்தே நிமிடம். மேலே எல்லாம் சரி, சீட்டில் தேங்கிய தண்ணீர் தொடையிடுக்குத் தையல் வழியாக உள்ளே இறங்கிவிட்டது.

அடுத்த ஏப்ரலில் ஸ்காட்லாந்து. இன்வர்னஸில் வாடகை பைக், வடகோடியைச் சுற்றி 500 மைல். அங்கே அது வசந்தமாம். பகலிலேயே 10, 12 டிகிரி, தூறல், கடல் காற்று. இங்கே அதே மாதம் காவிரியில் வெறும் மணல், மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகும், அதுவும் தண்ணீர் இருந்தால்.

அப்பா திண்ணையிலிருந்தே சொன்னார்: "யூரியா சாக்கைக் கொங்காணியா மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு நாள் பூரா நாத்துப் பறிச்சோம். ஒரு சொட்டு இறங்கலை."

பெட்டியில் ஒரு சாக்கு வைக்கலாமா என்று நிஜமாகவே யோசிக்கிறேன். அப்புறம், கையுறை இன்னும் காயவில்லை.