சேந்தமங்கலத்து மேட்டில் யூதக் கல்லறைகள்

சேந்தமங்கலம் என்றதும் பலருக்கும் கைத்தறி வேட்டிதான் ஞாபகம் வரும். எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்கு பரவூரை ஒட்டி, ஆறுகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் இது. கொச்சி ராஜாக்களுக்கு அமைச்சர்களாக இருந்த பாலியத்து அச்சன்மாரின் மாளிகை இங்கேதான் இருக்கிறது. கோட்டையில் கோவிலகம் என்ற மேட்டையொட்டி கிருஷ்ணன் கோயில், மசூதி, சர்ச், யூதர்களின் தொழுகைக்கூடமான யூதப் பள்ளி எல்லாமே நடந்து போகிற தூரம்தான். வருகிறவர்கள் நான்கையும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் போனது யூதர்களின் கல்லறைகளைப் பார்க்க.

முதலில் பள்ளிக்குத்தான் போனேன். 1614-இல் திருப்பிக் கட்டிய கட்டடம், நம் காலத்தில் இடிந்து விழும் நிலைக்கு வந்து, 2005 வாக்கில் கேரளத் தொல்லியல் துறை செப்பனிட்டு, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, உள்ளே வேதச்சுருள் வைக்கிற மரப்பேழையில் நுணுக்கமான செதுக்கு வேலை, மாடியில் பெண்களுக்குத் தனி இடம். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வாசலில் நட்டிருக்கும் ஒரு கல்லறைக் கல். இஸ்ரவேலின் மகள் சாரா, 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்வெட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். கொடுங்கல்லூரிலிருந்து கொண்டுவந்த கல் என்று சொல்பவர்களும் உண்டு. எங்கிருந்து வந்திருந்தாலும், அந்தக் கட்டடத்தைவிட முந்நூற்றைம்பது வருஷம் மூத்தவள் சாரா. எழுத்துகள் மழையில் மழுங்கியிருக்கின்றன. அரசர், அமைச்சர், வணிகர் என்று ஆண்கள் பெயராகவே நிறைந்த சரித்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர் எழுநூறு வருஷம் தாண்டி நிற்கிறதென்றால், அவளுக்கு யாரோ ஒருவர் கல் வெட்டி வைத்ததால்தான்.

நமக்கும் இந்த யூதர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய கி.பி. 1000-இல் யூத வணிகர் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையும் எழுபத்திரண்டு உரிமைகளும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த எழுத்து அந்நியமாக இருக்காது.

அப்புறம் மேட்டில் இருக்கிற கல்லறைகளுக்குப் போனேன். பலகையெல்லாம் தேட வேண்டாம், பள்ளியில் இருந்த சேட்டனிடம் கேட்டேன், "பாம்பு இருக்கும், பார்த்துப் போங்க" என்று வழி காட்டினார். பெரணியும் கொடியும் மண்டிக் கிடக்க, ஒரு கல்லறையின் தலைமாட்டில் வேர் புகுந்து செம்பாறைக்கல்லை இரண்டாகப் பிளந்திருந்தது. பூச்சு உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தால் கல் ஈரமாகப் பொடிந்து வருகிறது. பெயர் என்று படிக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை.

இஸ்ரேல் உருவான பிறகு, 1950-களின் முதல் பாதியில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் கிளம்பிப் போய்விட்டார்கள். யாரும் விரட்டியதால் போகவில்லை, அது முக்கியம். வேதச்சுருளை எடுத்துப் போகலாம், பாட்டுகளை எடுத்துப் போகலாம், புதைத்தவர்களை எடுத்துப் போக முடியுமா? யூத வழக்கத்தில் ஒரு முறை புதைத்த இடம் என்றைக்கும் அவருடையது. அதே குழியில் அடுத்தவரைப் புதைப்பதில்லை, மேலே எதுவும் கட்டுவதில்லை. கூட்டு வழிபாட்டுக்கே பத்து ஆண்கள் வேண்டும் என்கிற மதத்தில், ஒருவர்கூட மிஞ்சாத ஊரில் இந்த நிலத்துக்கு யார் பொறுப்பு?

திருச்சூர் மாவட்டத்து மாளாவில் இதற்கு எழுத்திலேயே பதில் இருந்தது. 1955 ஜனவரியில் ஊரை விட்டுப் போகும்போது பள்ளியையும் சுமார் நாலு ஏக்கர் கல்லறை நிலத்தையும், பாதுகாக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு பஞ்சாயத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று அங்கே வெளியே தெரியும் கல்லறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நிலத்தில் விளையாட்டு மைதானம் அமைக்கும் வேலை நடந்தபோது, உள்ளூர்க்காரர்கள் சிலர் எதிர்த்துப் போராடினார்கள். யூதர் ஒருவர்கூட இல்லாத ஊரில், அவர்களுக்குக் கொடுத்த வாக்குக்காக நின்ற அந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கட்டடத்துக்குச் செலவழிக்கிறோம், ஏனென்றால் அதற்குள் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டலாம். கல்லறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இத்தனைக்கும் தேவைப்படுவது பெரிய தொகை இல்லை. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் செடி வெட்ட வேண்டும். வேரைப் பிடுங்கக் கூடாது, கல்லும் கூடவே பெயர்ந்து வரும், அடியோடு அறுத்துப் பட்டுப்போக விட வேண்டும். உடைந்ததை ஒட்டுகிறேன் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரித்துவிடும், அதனால் சுண்ணாம்புக் காரைதான் சரி. மிச்சமிருக்கும் எழுத்துகளைச் சாய்வெயிலில் படம் எடுத்து, ஹீப்ரு தெரிந்தவர்களை வைத்துப் படித்துப் பதிவு செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பரவூரிலிருந்து சேந்தமங்கலத்துக்கு பஸ் இருக்கிறது, ஆட்டோவும் கிடைக்கும். மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், மழை விட்ட பிறகு போங்கள். பள்ளியைப் பார்த்து முடித்ததும் கல்லறைகளுக்கு வழி கேளுங்கள். வருகையேட்டில் எழுதுகிற வழக்கம் உள்ளவர்கள் அதையும் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள், இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த மேட்டுக்கு ஒரு பாதையாவது போடுவார்கள்.