ஏ.ஆர். புத்தகத்தில் இரண்டு சொல்

'நாட் நோன்.' 2022இல் ஒரு நைட் ட்யூட்டியில், விபத்தில் அடிபட்டு வருபவர்களைப் பற்றி டாக்டர் எழுதிவைக்கும் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) புத்தகத்தில் ஹெல்மெட் பற்றி நான் எழுதியது இந்த இரண்டு சொல்தான். தெரியவில்லை என்று பொருள். எனக்குத் தெரிந்திருந்தது.

ஸ்ட்ரெட்சரை இறக்கும்போதே 108இல் வந்த தம்பி சொல்லிவிட்டார்: "ஹெல்மெட் போடல மேடம். வண்டிக் கொக்கியிலதான் மாட்டியிருந்துச்சு. இன்னும் அங்கேயே கிடக்கு." காதில் ரத்தம். கண் பாப்பா இரண்டும் ஒரே அளவில் இல்லை. மூச்சுக்குக் குழாய் போட்டு சி.டி.க்கு அனுப்பிவிட்டுத்தான் மேசைக்கு வந்தேன். அடிபட்டவருடைய மச்சான் அதற்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார்.

"மேடம், ஹெல்மெட் போட்டிருந்தாருன்னு எழுதிருங்க."

"போடலைன்னு சொல்றாங்களே, ஐயா."

"தெரியும் மேடம். நாளைக்குக் கேஸ்னு போனா கழிச்சிருவாங்க. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க மேடம்."

அவர் சட்டம் தெரிந்துதான் பேசினார். தலைக் காயத்தில் ஒருவர் இறந்தால், மோதியது லாரியே ஆனாலும், ஹெல்மெட் இல்லாததை அவருடைய பங்குக் கவனக்குறைவாகக் கணக்கிட்டு இழப்பீட்டில் கழிப்பதுண்டு. விதியை மீறியது மட்டும் போதாது, அந்த மீறல் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரே வண்டியில் மூன்று பேர் போன வழக்கு. தலை உடைந்து வந்தவர் விஷயத்தில் அந்தத் தொடர்பைத் தேடவே வேண்டாம், சி.டி. படத்திலேயே தெரியும்.

'போட்டிருந்தார்' என்று எழுத மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அதை நினைத்துப் பல நாள் ஆறுதல் அடைந்திருக்கிறேன். பொய் எழுதவில்லை, கேட்டதற்கு இணங்கவில்லை. ஆனால் பேனா 'இல்லை' என்றும் எழுதவில்லை. நடுவில் ஒரு சொல் கிடைத்தது, அதன் பின்னால் நின்றுகொண்டேன். என்ன எழுதினேன் என்று அவர் கேட்டார். "தெரியலைன்னு எழுதியிருக்கேன்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் இன்னும் உறுத்துகிறது.

நான் விசாரணை அதிகாரி இல்லை, சொன்னதைப் பதிவு செய்பவள் மட்டுமே என்று எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஏ.ஆர். எழுதப் பழகும்போது சொல்லித் தருவதும் அதுதான். ஆனால் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்றால், அந்தத் தம்பி சொன்னதை அல்லவா எழுதியிருக்க வேண்டும்? நேரில் பார்த்து வந்தவர் அவர். அவர் சொன்னதை விட்டுவிட்டு, யாருமே சொல்லாத ஒன்றை எழுதினேன்.

மூன்றாம் நாள் அடிபட்டவர் இறந்துபோனார்.

மறு வருடம் மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை வந்தது. 2022இல் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் தோன்றியது: இதில் அவர் இருக்கிறாரா? அறிக்கை போலீஸ் பதிவுகளிலிருந்து வருவது. போலீஸ் வண்டியைப் பார்த்துத் தாமே எழுதியிருக்கலாம், என் புத்தகத்தைப் பார்த்தும் எழுதியிருக்கலாம். ஹெல்மெட் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக் காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பதை நான் கூட்டங்களில் அடித்துச் சொல்பவள். அந்த மாதிரி எண் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியதால் கிடைத்தது.

'போட்டிருந்தார்' என்பதிலும் பாதி உண்மைதான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலையில் வைத்தால் போதும் என்று சொல்லவில்லை, வாரை இறுக்கிக் கட்டச் சொல்கிறது. வார் கட்டாத ஹெல்மெட் தலை தரையில் படும் முன்பே கழன்று போய்விடும். வார் கட்டியிருந்தாரா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாததற்கான அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சாலையில் நிறுத்திக் கேட்கும் சட்டம் ஒரு தலையைக் காப்பாற்றக்கூடும். பிணத்துக்குப் பின்னால் வந்து பிள்ளைகளின் பணத்தில் கழிக்கும் சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது? இப்படிக் கேட்கும்போது நான் செய்தது சரி என்று தோன்றுகிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறதே, அந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் ஹெல்மெட் போட்டிருந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. அதே கருணைதான் எனதும் என்று சொல்லிக்கொள்வேன். அது எல்லாருக்கும் தெரியச் செய்யும் உதவி, நான் செய்தது மறைப்பு என்று மறுநிமிடமே தோன்றும்.

விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலிருந்து எனக்குச் சம்மன் வரவில்லை. வந்தால் சத்தியம் செய்துவிட்டு என்ன சொல்வேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வழக்கு போட்டார்களா, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்றும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என் இரண்டு சொல்லுக்கு ஒரு விலை தெரிந்துவிடும்.

108 தம்பி இப்போதும் வருகிறார். அன்று புத்தகத்தை அவர் எட்டிப் பார்த்தாரா, தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் பி.பி. சொல்வதற்கு முன் ஹெல்மெட்டைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை நிற்கிறார்.